தங்கையின் பைக்கு மூன்று முக்கோணங்கள்

தங்கை வியாழக்கிழமை கட்டாருக்கு வீட்டு வேலைக்குத் திரும்பவிருந்தாள். போனமுறை விமான நிலையத்தில் அவளுடைய கறுப்புப் பையை யாரோ மாறி எடுத்துப் போய்விட்டார்கள். பத்து நாட்கள் வீட்டுக்காரியின் பழைய உடுப்போடு வேலை செய்தாளாம். அவள் சிரித்தபடி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இம்முறை பையின் கைபிடியில் வேறு எவரிடமும் இல்லாத ஒரு பட்டை இருக்கும் என்று முடிவெடுத்தேன்.

அதற்கு முன் நான் எதையும் நெய்ததில்லை. கைபேசியில் பார்த்தபடி, பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு சாண் துண்டு வெட்டி, இரு முனைகளிலும் பன்னிரண்டு கீறல்கள் போட்டேன். அவற்றில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலைச் சுற்றி, கம்பளி நூல் கோத்த ஊசியை ஒரு இழைக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே கொண்டுபோய், சீப்பால் நெருக்கவேண்டும். மஞ்சளில் மூன்று சிவப்பு முக்கோணங்கள். அவள் எங்கள் வீட்டில் மூன்றாவது பிள்ளை.

பாவுக்கு என் கணவர் தூண்டில் போடும் நைலோன் இழையான தங்கூசியைத் தந்தார்.

"இதைப் போடும். பாரை மீன் இழுத்தாலும் அறாது."

துறைமுகத்தடி வீடுகளில் உடுப்புக்கொடி முதல் வாளிப்பிடி வரை தங்கூசியால்தான் கட்டுவோம். எனக்கும் சந்தேகம் வரவில்லை. விறைக்க இழுத்துச் சுற்றினேன். செவ்வாய் பின்னேரம் நெய்து முடித்து அட்டையிலிருந்து கழற்றியதும், இழுபட்டிருந்த தங்கூசி சுருங்கியது. பட்டை நெளிந்து சுருண்டது.

தங்கை அதைத் தூக்கிப் பார்த்தாள். "அக்கா, இது பட்டையோ, கருவாடோ?"

நான் கணவரைப் பார்த்தேன்.

"அறேல்லைத்தானே!" என்றார்.

"விடுங்கோ அக்கா. ரிபன் ஒண்டு கட்டிக்கொண்டு போறன்."

"எல்லாரும் ரிபன்தான் கட்டுவினம். பேசாம இரு."

புதன் காலை கடையில் தடித்த பருத்தி நூல் வாங்கினேன். விரலால் அழுத்தினால் சற்று இறங்கும் அளவுக்கே இழுத்துச் சுற்றினேன். சிவப்பும் மஞ்சளும் சந்திக்கும் இடங்களில் ஒன்றை ஒன்றில் கொளுவினேன். இல்லாவிட்டால் நடுவில் பிளவு விழும். இரண்டாவது முக்கோணத்தை இரண்டு தடவை பிரித்தேன். வியாழன் மதியம் கழற்றியபோது பட்டை தட்டையாகக் கிடந்தது. ஒரு ஓரம் உள்ளே வளைந்திருந்தது. திருத்த நேரமில்லை. கைபிடியில் சுற்றித் தைத்து, அவளைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றினோம்.

வெள்ளிக்கிழமை அவளுடைய குரல் செய்தி வந்தது.

"அக்கா, பை வந்திட்டுது. ரிபன் கட்டின கறுப்புப் பை நாலு முன்னால போச்சுது. நான் அசையாம நிண்டனான்."