அம்மாவிடமிருந்து வந்த முட்டி

எனக்கும் தங்கைக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். அவள் ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டுகிறாள், நாள் முழுக்க நின்றபடியே வேலை. நான் சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். ஆனால் ஐம்பதுக்கு முன்பே முட்டி தேய்ந்தது எனக்கு.

எக்ஸ்ரேயைப் பார்த்த சேலத்து டாக்டர், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அம்மாவுக்கு இரண்டு முட்டியும், பெரியம்மாவுக்கு இடுப்பும் என்றேன். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. ஒரே ஜீனால் வருவதில்லை, பல ஜீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், உடல் எடையும் ஒரு காரணம் என்றார். ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி அமையாதாம். அது மட்டும்தான் எனக்குள் தங்கியது. அம்மாவின் சுருட்டை முடி தங்கைக்கு. முட்டி எனக்கு.

அடுத்த மாதம் அவள் மகளுக்கு வளைகாப்பு. என்னைக் கிழவிகளோடு பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்தார்கள். அவளோ தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்துகொண்டே இருந்தாள். சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன். பிறகு ஆறேழு மாதம் நானாக அவளுக்கு போன் செய்யவில்லை.

ஒருநாள் அவளே வந்து நின்றாள். தொடை இடுக்கில் வலி, மொபெட்டில் காலைத் தூக்கிப் போட முடியவில்லை என்றாள். அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். இடுப்பு மூட்டு தேய ஆரம்பித்திருக்கிறது என்று அவர் படத்தைக் காட்டியபோது என் வயிறு குளிர்ந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது மனசு பொறுக்காமல் அதை அவளிடமே சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“தெரியுமுங்க்கா. உங்களுக்கு முட்டி போச்சுன்னு கேட்டப்ப, நல்லவேளை எனக்கில்லைன்னு நானுந்தான் நெனச்சேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் பஸ் ஏறும்போது இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

இப்போது டாக்டர் சொன்ன தொடைப் பயிற்சியைத் தினமும் காலையில் போனில் பேசியபடி செய்கிறோம். அவள் இருபது முறை முடித்தேன் என்றால், பன்னிரண்டில் நிற்கும் நான் இருபத்தைந்து என்கிறேன்.