எண்ணெய் காணாத தலைக்கு

காலை ஐந்து நாற்பது. குளியலறை விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது, தண்ணீர் போகும் சல்லடைமேல் கிடந்த முடிப் பந்து. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். குழாயின் வாயிலும் வாளியின் விளிம்பிலும் அதே வெள்ளை படிந்திருந்தது. புனேவின் வானவடிப் பகுதியில் எங்கள் குடியிருப்புக்கு வாரத்தில் நான்கு நாள் லாரித் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும். மதுரைத் தண்ணீரும் ஒன்றும் பன்னீர் இல்லை. ஆனால் அங்கே சல்லடையில் பந்து கிடந்ததாக எனக்கு நினைவில்லை. அப்போது சல்லடையைச் சுத்தம் செய்தது நானில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மதுரையில் ஒரு நாளிதழில் பத்தொன்பது ஆண்டுகள் துணையாசிரியராக இருந்தேன். மனைவி தேன்மொழிக்கு வங்கியில் புனேவுக்கு மாற்றல் வந்ததும் வேலையை விட்டுவிட்டு நானும் வந்தேன். மூன்று ஆண்டுகளாக வீடு என் பொறுப்பு. சல்லடையும் அதில் அடக்கம். பழைய தொழில் விடவில்லை. பந்தைப் பிரித்துப் பார்த்தேன். நீண்ட நேர்முடி நான்கு, தேன்மொழியுடையவை. மீதி எல்லாமே சுருள்முடி, பதினாறு வயது மகள் கயலுடையவை. என்னுடையது ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வயதிலேயே நான் அந்தப் போட்டியிலிருந்து விலகிவிட்டேன்.

அன்று காலை உணவின்போதே கயல் விஷயத்தைச் சொன்னாள். "ப்பா, நான் ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணப் போறேன். பார்லர்ல கேட்டுட்டேன். இனிமே முடி நேரா, ஸ்மூத்தா இருக்கும்."

"சுருட்டை நல்லாத்தானே இருக்கு?"

"எங்க நல்லாருக்கு? க்ளாஸ்ல என்னைய ஜாடூன்னு கூப்பிடுறாங்க. தெரியுமா உங்களுக்கு?"

ஜாடூ என்றால் விளக்குமாறு. தெரியாது என்றேன். தேன்மொழி ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டே, "அவ தலை, அவ முடிவு. நான் சரின்னுட்டேன்" என்று கிளம்பிவிட்டாள். அவள் சொன்னதில் தவறில்லை. ஆனால் நான் விசாரித்த வரையில், அந்த மருந்து பட்ட முடி பழைய சுருளுக்குத் திரும்பாது. புதிதாக முளைப்பது மட்டும் சுருண்டு வரும். அதையும் சில மாதங்களுக்கு ஒருமுறை நேராக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டி எறிந்தால்தான் மீட்சி. கயலிடம் ஆறு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். வீட்டிலேயே ஷாம்பூ செய்து தருகிறேன், ஏழாவது ஞாயிறும் அவள் மனம் மாறவில்லையென்றால் நானே ஸ்கூட்டரில் பார்லருக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். அவள் என் தலையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களா? ஷாம்பூவா?" சிரித்து முடிக்கச் சிறிது நேரம் ஆனது. "சரி. ஆனா எண்ணெ மட்டும் வெக்க மாட்டேன். சிப்சிப்னு ஒட்டிக்குது. பசங்க கிண்டல் பண்றாங்க."

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அதையும் எழுதிக்கொண்டேன்.

புனே கடைகளில் சீயக்காய் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இந்தப் பக்கத்து மலைக்காடுகளிலேயே விளைகிறது என்று கடைக்காரர் சொன்னார். எனக்கோ மதுரைச் சீயக்காய்தான் வேண்டும் என்று பிடிவாதம். தங்கை செல்விக்குப் போன் செய்தேன். சீயக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம், அதோடு இங்கே யாரும் கேள்விப்படாத அரப்பு எல்லாம் கூரியரில் வந்து சேர்ந்தன. அரப்பு என்பது உசிலை மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடித்தது. செல்வி அளவுகளைப் போனில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்: இத்தனை பங்கு, இத்தனை நாள் வெயில், மூன்று கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர், தலையில் ஐந்து நிமிடம்.

அரைப்பதில்தான் முதல் சிக்கல். இங்கே மாவு மில்லைக் கிர்ணி என்பார்கள். எங்கள் தெரு முனைக் கிர்ணிக்காரர் பையை முகர்ந்து பார்த்து, என்ன மசாலா என்று இந்தியில் கேட்டார். தலைக்கு என்றேன். தலைவலிக்கா என்றார். தேய்த்துக் குளிக்க என்று கையால் தேய்த்துக் காட்டினேன். நான் தேய்த்துக் காட்டிய இடத்தில் முடி இல்லாததால் அவர் நம்பவில்லை. கடைசியில் பூந்திக்கொட்டையை அடையாளம் கண்டுகொண்டு பையைத் திருப்பித் தந்தார். "நாளைக்கு என் வாடிக்கைக்காரர் பாக்ரி தட்டினால் நுரை வரும்" என்றார். பாக்ரி இங்கத்துச் சோள ரொட்டி. அவருடைய கவலை நியாயமானது.

மதுரையில் எங்கள் பகுதி மில்லில் சீயக்காய்க்கென்று ஓர் இயந்திரம் தனியாக ஓரத்தில் நிற்கும். அதை ஒட்டி நடந்தாலே தும்மல் வரும். தனி இயந்திரம் ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அப்படி ஒன்று புனேவில் இருக்குமா என்று விசாரித்ததில், போபோடிப் பக்கம் போய்ப் பாருங்கள் என்று பதில் வந்தது. வெடிமருந்துத் தொழிற்சாலை, கண்டோன்மென்ட் வேலைகளுக்காகத் தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. ஒரு சந்தில் முனியம்மா என்பவர் மில் வைத்திருந்தார். ஓரத்தில் பச்சைத் தூசி படிந்த ஓர் இயந்திரம் நின்றது. தும்மல் வந்தது. சரியான இடம்தான்.

"இன்னா சார், வூட்டுக்காரம்மாக்கா?"

"பொண்ணுக்கு."

"நல்லவேளை. உனுக்குன்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்" என்றார். "மங்கள்வார் மங்கள்வார் வா. அன்னிக்குத்தான் இந்த மிஷின் ஓட்றது." மங்கள்வார் என்பது செவ்வாய்க்கிழமை.

முதல் ஞாயிறு இரண்டு பேருக்குப் பொடி கொடுத்தேன். ஒருத்தி கயல். மற்றவர் எதிர்வீட்டு வைஷாலி தாயி. தாயி என்றால் மராத்தியில் அக்கா. பள்ளியில் கணக்கு ஆசிரியை, மெல்லிய முடி, மாதம் ஒருமுறை மருதாணி. மூன்று ஆண்டுகளில் இந்தக் கட்டடத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து தேநீர் குடிக்கும் ஒரே ஆள் அவர். மதியம் பன்னிரண்டுக்கு அழைப்பு மணி அடித்தது. துண்டை அவிழ்த்துக் காட்டினார். முடி நாலா பக்கமும் நட்டுக்கொண்டு நின்றது.

"பாவூ, யே ஷாம்பூ ஹை யா பர்தன் கா பவுடர்?"

அண்ணா, இது ஷாம்பூவா, பாத்திரம் தேய்க்கும் பொடியா என்பது கேள்வி. பதில் சொல்வதற்குள் கயல் அறையிலிருந்து வெளியே வந்தாள். தலை முன்பைவிட இரண்டு மடங்கு பருத்திருந்தது. கையால் தொட்டேன், தேங்காய் நார். "இன்னும் அஞ்சு ஞாயிறு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தவறான செய்தி அச்சாகிவிட்டால் அலுவலகத்தில் என்ன செய்வோமோ அதையே செய்தேன். மூலத்துக்குப் போனேன். செல்வியைப் போனில் பிடித்து, எழுதி வைத்திருந்ததை வரிக்கு வரி படித்தேன். பங்கு சரி. வெயில் சரி. ஐந்து நிமிடம் சரி.

"அதுக்கு முன்னாடி எதுவும் உண்டா?"

"முன்னாடி என்ன? எண்ணெ தேச்சு ஊறியிருப்பாள்ல?"

"இல்ல."

"அண்ணே, எண்ணெ இல்லாத தலையிலயா சீயக்காயப் போட்டீக? அது எண்ணெய எடுக்கிற பொடிண்ணே. எண்ணெ இல்லைன்னா அது எதைத்தான் எடுக்கும்? இதைக்கூடவா ஒருத்தர் சொல்லணும்?"

சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டிருக்கவும் வேண்டும். எங்கள் ஊரில் தலைக்குக் குளிப்பது என்றால் எண்ணெயில் தொடங்குவது. எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் சொல்வதில்லை. யாரும் சொல்லாததை நான் எழுதவில்லை. எண்ணெய் வைக்க மாட்டேன் என்ற வரி என் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, எண்ணெய்த் தலைக்கான பொடியை அரைத்துக் கொடுத்திருக்கிறேன். ஊரிலிருந்து பொடி வந்தது. பொடிக்கு முந்தைய அரை மணி நேரம் வரவில்லை.

ஆகவே கேள்வியை மாற்றினேன். எண்ணெய் காணாத தலைக்கு எது பொருந்தும்? அரப்பு சீயக்காயைவிட மென்மை, முடியை வழுக்கலாக விடும். பூந்திக்கொட்டை நுரை தரும், அழுக்கை எடுக்கும், அதிகமானால் வறட்டும். வழவழப்புக்கு என்ன செய்வது என்று வைஷாலி தாயியிடம் கேட்டேன். உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தார். ஜவஸ். நாம் ஆளி விதை என்பது. இங்கே வீட்டுக்கு வீடு சட்னிப் பொடிக்கு வறுப்பார்கள். சட்னி வேண்டாம் என்றேன். கணக்கு டீச்சர் கரும்பலகைக்கு முன் நிற்பது போல் இடுப்பில் கைவைத்து நின்று, ஒரு கரண்டி விதையை இரண்டு கோப்பைத் தண்ணீரில் கொதிக்கவைக்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் முட்டையின் வெள்ளைக்கருவைப் போலக் கொழகொழத்தது. சூட்டோடு துணியில் வடிகட்ட வேண்டும். முதல்முறை ஆறவிட்டேன், துணியிலிருந்து ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு அரப்பு அதிகமாகி முடியில் இலைத்தூள் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் வாரம் அதைச் சோறு வடித்த கஞ்சியில் கரைத்து மெல்லிய துணியில் வடித்தேன். தண்ணீர் விஷயத்தையும் அப்போதுதான் பிடித்தேன்: ஊறவைக்கவும், கடைசி ஒரு குவளை ஊற்றவும் குடிநீர், மற்றதற்கு லாரித் தண்ணீர். துவட்டத் தேங்காய்ப்பூத் துண்டுக்குப் பதிலாக என் பழைய வேட்டி. அன்று மாலை கயலின் நெற்றியோரம் ஒரு சுருள், ஒன்றே ஒன்று, பேனா ஸ்பிரிங் போலத் தெளிவாகத் தொங்கியது. அவள் ஹாலைக் கடக்கும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்தாள். ஏழு முறை கடந்தாள்.

நான்காம் வாரத்துக்குள் குளிர்பெட்டியில் மூன்று புட்டிகள் ஆயின. தேன்மொழிக்கு ஹெல்மெட்டுக்குள் வியர்த்து வேரில் பிசுக்குப் பிடிக்கும் நேர்முடி. பூந்திக்கொட்டை இரண்டு பங்கு, சீயக்காய் ஒரு பங்கு, வழவழப்பு எதுவும் கூடாது. வைஷாலி தாயியின் மெல்லிய முடிக்கு எல்லாமே பாதி அளவு, சீயக்காய் அறவே இல்லை. கயலுக்கு அரப்புக் கஞ்சியும் ஜவஸும், நுரைக்காகக் கொஞ்சம் பூந்திச் சாறும். எதுவும் மூன்று நாளுக்குமேல் தாங்காது, நாற்றம் எடுக்கும். கண்ணில் பட்டால் எரியும். ஒரு புதன்கிழமை தேன்மொழி தன் புட்டியையே புளிக்கரைசல் என்று எடுத்து ரசம் வைத்தாள். கொதி வந்ததும் அடுப்பு மேடை முழுக்க நுரை.

"என்னங்க, ரசத்துக்குத் தலைக்குக் குளிப்பாட்டிட்டேன்" என்று கூப்பிட்டாள். அதன் பிறகு புட்டிகளில் பெயர் ஒட்டும் வேலையைக் கயல் எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் வாரம் இரண்டாம் மாடியிலிருந்தும் ஆறாம் மாடியிலிருந்தும் ஆள் வந்தார்கள். வைஷாலி தாயி எல்லோரிடமும் "டக்லூ கா ஷாம்பூ" என்று சொல்லி வைத்திருந்தார். மொட்டைத்தலையன் ஷாம்பூ. வந்தவர்களைக் கூடத்தில் உட்காரவைத்து நான் கேட்ட முதல் கேள்வி, எண்ணெய் வைப்பீர்களா, மாட்டீர்களா என்பது.

கயல் மட்டும் முடிவை மாற்றியதாகத் தெரியவில்லை. ஆறாம் ஞாயிறு குளித்துவிட்டு வந்து, "அடுத்த சண்டேப்பா. பதினோரு மணிக்கு. ஞாபகம் இருக்குல்ல?" என்றாள். இருக்கிறது என்றேன்.

ஏழாவது ஞாயிறு பத்து ஐம்பதுக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். தலைமுடியைக் கட்டாமல் விட்டிருந்தாள். சிக்னலில் நின்றபோது ஒரு சுருள் என் காதில் உரசியது. பார்லர் வாசலில் இறக்கிவிட்டு எதிர்ப்புற நடைபாதையில் நின்றேன். பதினொன்று மூன்றுக்கு உள்ளே போனாள். அந்த வேலைக்கு நான்கு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். நான் புத்தகம் கொண்டு வந்திருந்தேன். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

பதினொன்று இருபதுக்குக் கதவு திறந்தது. கயல் சிரித்துக்கொண்டே வந்தாள். பின்னாலேயே கத்தரிக்கோலோடு ஒரு பெண்மணி, பார்லர்காரர். கயலின் முடி உள்ளே போனபோது இருந்தபடியே சுருண்டிருந்தது. நுனியில் அரை அங்குலம் மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

நடந்ததைக் கயல் மூச்சுவிடாமல் சொன்னாள். "ப்பா, உள்ள போய் உக்காந்ததும் அந்த ஆன்ட்டி முடியத் தூக்கிப் பாத்துட்டு, இந்தக் கர்ல் எந்தப் பார்லர்ல போட்டதுன்னு கேட்டாங்க! இவ்ளோ நல்லா போட்டிருக்காங்க, இதை எதுக்கு எடுக்கறேன்னு. போட்டதில்ல, என்னோடதுன்னேன். நம்பவே இல்ல. பாப்பா நே பனாயா, அப்பா பண்ணினதுன்னேன். ஒடனே உங்க அப்பா பார்லர் எங்க இருக்குன்னு கேட்டாங்க."

அந்தப் பெண்மணி தெருவின் இரு பக்கமும் தேடினார். கயல் என்னைச் சுட்டிக் காட்டினாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றி வணக்கம் சொன்னேன். அவர் என் தலையைப் பார்த்த பார்வையை இத்தனை ஆண்டுப் பத்திரிகை அனுபவத்திலும் என்னால் ஒரு வரியில் எழுத முடியாது. பிறகு உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஸ்ட்ரெய்ட்டனிங்?" என்று கேட்டேன்.

"கேன்சல்" என்றாள் கயல், ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டே. "வண்டிய எடுங்க டக்லூ."

தன் முடியைப் படமெடுத்து அன்றே செல்விக்கு அனுப்பினாள். கயலின் சுருள் செல்வியின் சுருள்தான். நாற்பது ஆண்டுகளாக எண்ணெய் போட்டுப் படிய வாரிப் பின்னியே வைத்திருப்பதால் யாருக்கும் தெரியாது. மறுநாள் போன் வந்தது. அந்த விதையை அனுப்பச் சொன்னாள். மதுரையிலேயே ஆளி விதை கிடைக்குமே என்றேன்.

"கிடைக்குதுண்ணே. எனக்கு அங்க உள்ளதுதான் வேணும்."

செவ்வாய்க்கிழமை காலை கூரியர்க்காரர் வந்தார். ஜவஸ் பொட்டலத்தின் மேல் கயல் எழுதியிருந்தாள். அனுப்புநர், புனே. பெறுநர், மதுரை. எடை எண்ணூற்று இருபது கிராம்.