திரியெஸ்தேயில் ஒரு மூலா

இலேனியாவுக்குக் கடல் என்றாலே ஆகாது என்று பதுவா பல்கலைக்கழகத்தில் அவளோடு படித்த அத்தனை பேரும் நம்பினார்கள். நம்ப வைத்தவள் அவளேதான். உப்பு ஒத்துக்கொள்ளாது, மணல் ஒட்டினால் அரிக்கும், வெயிலில் தலை வலிக்கும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருந்தாள். அவ்வளவும் பச்சைப் பொய். சின்ன வயதில் கடலுக்குள் இறங்கினால் அவளை வெளியே இழுத்து வர அப்பா ரோக்கோ பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டு வயதில் முதுகெலும்பு வளைய ஆரம்பித்தது. தெற்கு இத்தாலியில், பசிலிகாத்தா மலையில் ஒரு சின்ன ஊர். கழுத்திலிருந்து இடுப்பு வரை கெட்டி பிளாஸ்டிக் கவசம் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். சட்டைக்கு மேலே அது சேணம் மாதிரித் துருத்திக்கொண்டு நின்றது. விறகு சுமக்கிற கோவேறு கழுதைகளைத் தினம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சும்மா விடுமா? 'மூலா' என்று பேர் வைத்துவிட்டார்கள். பெண் கோவேறு கழுதை என்று அர்த்தம். பிற்பாடு அறுவை சிகிச்சை நடந்தது, உள்ளே கம்பி வைத்தார்கள், கவசமும் போயிற்று. பேர் மட்டும் பள்ளி முடிகிற வரை போகவில்லை. பிடரியில் தொடங்கி இடுப்பு வரை ஓடிய அந்தத் தழும்பை அம்மாவையும் டாக்டர்களையும் தவிர யாரும் பார்த்ததில்லை. அறைத்தோழி அம்ப்ரா கூடப் பார்த்ததில்லை, மூன்று வருஷமாக ஒரே அறையில் இருந்தும்!

ஜூன் மாதப் பரீட்சை முடிந்ததும் இந்த அம்ப்ராதான் கிளப்பிவிட்டாள். "சனி, ஞாயிறு திரியெஸ்தே போறோம். நம்ம கிளாஸ் லோரிஸும் எத்தோரேயும் வராங்க. உன் உப்பு, மணல் கதையெல்லாம் இந்தத் தடவ எடுபடாது. கரையில உக்காந்து புஸ்தகம் படி, யாரு கேக்கப் போறா?"

இலேனியா முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். மறக்காமல் நீச்சலுடையையும் பையின் அடியில் திணித்தாள். எதற்கு என்று அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

திரியெஸ்தேயில் ரயிலை விட்டு இறங்கியதுமே லோரிஸ் மானத்தை வாங்கினான். காபிக்கடையில் போய்க் கப்புச்சினோ கேட்டான். விரல் உயரக் குவளையில் ஏதோ வந்தது.

"ஐயா, நான் கேட்டது கப்புச்சினோ. இது கொசுவுக்கு ஊத்துறது."

கடைக்காரர் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே, "இங்க கப்புச்சினோன்னா இதான் தம்பி. பெருசு வேணும்னா காபிலாத்தேன்னு கேக்கணும். ஊரு மாறினா வார்த்தையும் மாறும்ல?" என்றார். எத்தோரே சிரித்த சிரிப்பில் பிஸ்கட் புரையேறியது.

குளிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் லோரிஸ்தான். ஊருக்குள்ளேயே இருக்கிறது, நடந்தே போகலாம், மலிவு என்று அளந்துகொண்டே வந்தான். பெதோச்சின் என்ற அந்தக் குளிதுறையின் வாசலில் சீட்டுக் கிழிப்பவர் கையை நீட்டி மறித்தார். "ஆம்பளைங்க அந்த வாசல். பொம்பளைங்க இந்த வாசல். நடுவுல சுவரு."

"சுவரா? கடற்கரையிலயா?"

"என் தாத்தா காலத்துக்கு முன்னயிருந்து இருக்கு. இடிக்கணும்னு எவனாவது பேசினா பொம்பளைங்களே அடிக்க வருவாங்க. உள்ள போங்க, வெயிலு ஏறுது."

லோரிஸ் திருதிருவென்று விழித்தான். இலேனியாவுக்கோ நெஞ்சிலிருந்து பாதிப் பாரம் இறங்கியது. ஆண்கள் இல்லை! ஆனால் மீதிப் பாரம் அப்படியே இருந்தது. அம்ப்ரா இருக்கிறாளே.

உள்ளே போனால் ஒரே கூச்சல். மேலாடை இல்லாமல் நாலு பெண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பீச் பழம் நறுக்கினாள். தொப்பையும் சுருக்கமும் பிரசவக் கோடுகளும் வெயிலில் தாராளமாகக் காய்ந்தன. யாரும் எதையும் மறைக்கவில்லை, யாரும் யாரையும் பார்க்கவும் இல்லை. உள்ளே நீச்சலுடை போட்டிருந்தும் இலேனியா சட்டையின் கழுத்துப் பித்தானையும் போட்டுக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள்.

சீட்டாடியவர்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். நேவியா என்று பேர். தேங்காயெண்ணெய் பூசி வறுத்தெடுத்த மாதிரி நிறம், தொண்டை மட்டும் துறைமுகச் சங்கு. "ஏ மூலா! வெயில மறைக்காத! தள்ளி நில்லு!"

இலேனியா சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இத்தாலியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்தும் அதே பேரா? சட்டைக்குள்ளே தெரிகிறதா? நடையிலேயே தெரிகிறதா? பையைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

அம்ப்ராவும் வெளியூர்தான், பெர்கமோக்காரி. அவளுக்கு மூக்கு நுனியில் கோபம். "யாரைப் பாத்துக் கழுதைன்னீங்க? வயசானா மரியாதை மறந்துடுமா?"

நேவியா சீட்டைக் கீழே வைத்தாள். "கழுதையா? நான் எங்கடி கழுதைன்னேன்? மூலான்னேன்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"மூலாவ மூலான்னு கூப்பிடாம மந்திரின்னா கூப்பிடுவாங்க?"

பீச் பழம் நறுக்கியவளுக்குத்தான் முதலில் விளங்கியது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, வெளியூருப் புள்ளைங்கடி! எம்மா, இந்த ஊர்ல மூலான்னா பொண்ணு. வயசுப் பொண்ணு. பையன்னா மூலோ. இதோ என் மக, இவ மூலா. இந்த நேவியா கூட ஒரு காலத்துல பேர் போன மூலாதான், துறைமுகத்துல கேட்டுப் பாரு!"

"ஒரு காலத்துலயா? உன் வாயில பீச் கொட்டை அடைக்க!" என்று நேவியா கத்தினாள். அந்தப் பக்கமே அதிர்ந்தது.

இலேனியா நின்ற இடத்திலேயே நின்றாள். பொண்ணு. அவ்வளவுதானா? இத்தனை வருஷம் தொண்டையில் முள்ளாக நின்ற அந்தச் சொல், இந்த ஊரில் வெறும் பொண்ணா! சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது. நிறுத்த முடியவில்லை.

"ஏய், என்னாச்சு உனக்கு?" அம்ப்ரா பதறினாள்.

"ஸ்கூல்ல என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றாள் இலேனியா. "கழுதைன்னு. இதுக்காக." சொல்லிவிட்டு, யோசித்தால் கை நின்றுவிடும் என்று பயந்து, மளமளவென்று பித்தான்களைக் கழற்றிச் சட்டையை உருவிப் போட்டுத் திரும்பி நின்றாள்.

பின்னாலிருந்து நேவியாவின் குரல் கேட்டது. "தையல் நேரா போட்டிருக்கான் டாக்டரு. எனக்குக் கர்ப்பப்பை எடுத்தவன் கோணலா தைச்சிட்டான், பாவி. சரி, யாரு ஆட்டம்?"

சீட்டாட்டம் தொடர்ந்தது. அம்ப்ரா மட்டும் பக்கத்தில் வந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது, குரலில் மட்டும் கோபம். "இதுக்காகவா மூணு வருஷமா குளியலறையில போய்த் துணி மாத்தின? லூசு. நான் என்னென்னமோ நினைச்சேன் தெரியுமா? வாலு இருக்கும்னு கூட நினைச்சேன்."

அதற்குப் பிறகு இலேனியாவைக் கரையில் யாரும் பிடித்து வைக்க முடியவில்லை. தண்ணீர் முதலில் சில்லென்று வெட்டியது, பிறகு தாங்கிக்கொண்டது. நீந்தி நீந்திக் கடலுக்குள் சுவர் முடிகிற இடத்துக்கே போய்விட்டாள். அங்கே லோரிஸும் எத்தோரேயும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு மிதந்தார்கள்.

"எங்க பக்கம் எல்லாம் குறட்டை. உங்க பக்கம் என்ன கல்யாணமா நடக்குது?" என்ற லோரிஸ் சட்டென்று நிறுத்தினான். "ஆமா, உனக்குக் கடல் ஆகாதே?"

அவள் பதில் சொல்வதற்குள் கரையிலிருந்து சங்கு முழங்கியது. "மூலா! ரொம்பத் தூரம் போகாத!"

"யாரை அந்தம்மா கழுதைங்குது?" என்றான் எத்தோரே.

"என்னைத்தான்" என்று இலேனியா கையைத் தூக்கி ஆட்டினாள். "வந்துட்டேன்!" என்று கத்தினாள். முதுகை அவர்கள் பக்கமே காட்டிக்கொண்டு, அவசரப்படாமல், கரையை நோக்கி நீந்தினாள்.

ஞாயிறு மாலை பதுவா ரயிலில் அவளால் இருக்கையில் சாய முடியவில்லை. வெயிலே படாத தோல், சும்மா இருக்குமா? தகதகவென்று எரிந்தது. முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தபோது ஊரிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டாள்.

"சாப்டியா? ஊரு நல்லாருந்துச்சா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. வெயில்ல வெந்து போச்சு."

"மூஞ்சியா? தொப்பி போடுன்னா கேக்கறியா நீ?"

"மூஞ்சி இல்லம்மா. முதுகு."

லைன் போய்விட்டதோ என்று இலேனியா திரையைப் பார்த்தாள். போகவில்லை.

"முதுகா?" என்றாள் அம்மா மெதுவாக.

"முழுசும். படுக்கவே முடியல."

நாற்காலி தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு, பெண்ணுக்குப் பரிசு விழுந்த சேதியைச் சொல்வது போல, அம்மா அடுத்த அறைக்குக் கத்தினாள். "ரோக்கோ! ரோக்கோ! இங்க வாயேன்! நம்ம பொண்ணுக்கு முதுகு வெந்து போச்சாம்!"