மழை உடைக்காத சுவர்

ஊர் அவளுக்கு வைத்த பெயர் பட்டாசு. கல்யாணமாகி வந்த புதிதிலேயே, எடையில் ஏமாற்றிய வெங்காய வியாபாரியைச் சந்தை நடுவில் சட்டையைப் பிடித்து உலுக்கியதால் வந்த பெயர். அவள் கணவனோ வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன்.

சுவரைக் கட்டியது கணவனின் அண்ணன். தீவனக் கொட்டகையை நீட்டுகிறேன் பேர்வழி என்று, அவள் வெங்காய வயலிலிருந்து தண்ணீர் வடியும் வாய்க்காலையே மறித்து எழுப்பிவிட்டார்.

"தண்ணி எப்படி மாமா வெளியே போகும்?"

"முதல்ல மழை பெய்யட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

ஊர்ப் பெரியவர்களும் தலையாட்டினார்கள். வேறென்ன தெரியும் அவர்களுக்கு!

பெய்தது. வெங்காயத்தைப் பிடுங்கி வயலிலேயே காயப்போட்டிருந்த ஒரு மதியம், கருமேகம் வந்து தலைக்கு மேல் நின்றது. இடித்தது, கொட்டியது, நகரவே இல்லை. வேண்டாத விருந்தாளி மாதிரி சட்டமாக உட்கார்ந்துகொண்டது. இருவரும் ஓடிப்போய்த் தார்ப்பாயை விரித்தார்கள். மேலே மூடி என்ன பயன்? சுவரில் முட்டித் திரும்பிய தண்ணீர் கீழேயிருந்து ஏறியது. கணுக்கால் போய் முழங்கால் ஆனது. பட்ட பாடெல்லாம் கண்ணெதிரே மிதந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடப்பாரையைத் தூக்கினாள்.

"ஏய், அண்ணன் என்ன சொல்வார்?" கணவன் பதறினான்.

"உங்க அண்ணனா வந்து வெங்காயத்தைப் பொறுக்கப் போறார்? தள்ளுங்க!"

சுவர் வாயைப் பிளக்கும்வரை இடித்தாள். தண்ணீர் கொட்டகைக்குள் பாய்ந்து தவிட்டு மூட்டைகளை இழுத்துக்கொண்டு போனது. பாதி வெங்காயம் தப்பியது. மீதியை நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலை, இடிந்த சுவரருகே மாமா இடுப்பில் கைவைத்து நின்றார். எதிரே டீக்கடை வைத்திருப்பவர் நேற்று நடந்த எல்லாவற்றையும் பார்த்தவர். அவளை ஓரக்கண்ணால் பார்த்தபடி, "பேய் மழைங்க, சுவரையே சாய்ச்சிடுச்சு" என்றார்.

"ஆமான்னு சொல்லிடு. சண்டை வேண்டாம்" என்று கணவன் அவள் காதில் கெஞ்சினான். பாவம், அவனுக்காக வாயை மூடிக்கொள்ளத்தான் நினைத்தாள்.

"மழைக்கு என்ன செய்யறது?" மாமா பெருமூச்சு விட்டார். "கொத்தனாருக்குச் சொல்லியாச்சு. இதே இடத்துல, இன்னும் கனமா எழுப்பிடலாம்."

"மழை இல்ல மாமா, நான்தான் உடைச்சேன்."

கணவன் தரையைப் பார்த்தான்.

"கடப்பாரையை இன்னும் உள்ளே எடுத்து வைக்கல. கொத்தனார்கிட்ட அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க."