சிந்தாத சொம்பு

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன்; ஐந்தில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம்தான். ஆனாலும் இதை என் கையால்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும்.

இன்று காலை எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டில் பேத்தி பழைய பேப்பரை விரித்து, மலைப்பாதையில் ஓட்டும் தன் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்தாள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயை ஃபோர்க் என்கிறாள். குழியில் இறங்கினால் அது அமுங்கி எழும்புமாம். கறுத்துப்போன எண்ணெயை வடித்து, புதிதை ஊற்றிப் பூட்டி, கையளவு பம்பால் காற்று அடித்தாள். ஒரு குழாயின்மேல் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. ஏறி உட்கார்ந்து இறங்கினால், ஃபோர்க் எவ்வளவு அமுங்கியது என்பதை அந்த வளையம் நின்ற இடம் காட்டும்.

"காத்து கூடிப்போச்சு பாட்டி, கல்லு மாதிரி இருக்கு" என்று கொஞ்சம் காற்றை இறக்கினாள்.

வளையத்தைப் பார்த்ததும் எனக்கு மாமா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. கிள்ளானுக்குப் பக்கத்தில் பண்டமாரானில் இருந்தோம். அம்மாவின் தம்பியும் அவர் மனைவியும் எங்களோடுதான். மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை; பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். அத்தைக்கு ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. நடக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்தாள். மறுநாளோ கிள்ளானில் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். வீட்டிலிருந்து தார் ரோடு வரை லோரிகள் உழுதுபோட்ட செம்மண் பாதை; டாக்ஸி எதுவும் உள்ளே வராது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த கதை. அன்று என்னிடம் சொன்னது, அத்தைக்கு உடம்பு சரியில்லை என்பது மட்டும்.

மாமா வாசலில் சாக்கை விரித்து, மோட்டாரின் முன்பக்கத்தைக் கழற்றினார். நன்றாக ஓடுகிற வண்டியை ஏன் கழற்றுகிறார்? எனக்குப் புரியவில்லை. இரண்டு குழாயிலிருந்தும் எண்ணெய் தார் மாதிரி பால் டின்னில் வடிந்தது. புது எண்ணெயை அம்மாவின் அரிசி ஆழாக்கால் அளந்து இரண்டிலும் சமமாக ஊற்றினார். ஆழாக்கு போயிற்றே என்று அம்மா கத்தினாள்.

பூட்டி முடித்ததும் என்னைப் பின்னால் ஏற்றி, தன் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டார். என் மடியில் வாய் குறுகிய ஒரு பித்தளைச் சொம்பு. அது தளும்பத் தளும்பத் தண்ணீர்.

"சும்மா புடிச்சுக்க. சிந்துனா சிந்தட்டும்."

தார் ரோடு வரை போய்த் திரும்பினோம். பாதித் தண்ணீர் என் கவுனில். மாமா என்னைப் பார்க்கவில்லை, சொம்பைத்தான் பார்த்தார். மறுபடியும் கழற்றி, இன்னும் இளகின எண்ணெயாக மாற்றினார். இரண்டாம் தடவை கால் சொம்பு போயிற்று.

"எட்டு வயசாச்சு, ஒரு சொம்புத் தண்ணி புடிக்கத் தெரியல! நாளைக்கு ஒருத்தன் வீட்டுல போயி என்னடி செய்வ?" என்றாள் அம்மா.

"அவள ஏன்கா திட்டுற? தப்பு வண்டி மேல" என்றார் மாமா.

எனக்காகப் பரிந்து பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் தடவை புறப்பட்டதும் உள்ளங்கையால் சொம்பின் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். எத்தனை குழி வந்ததோ தெரியாது. வாசலில் வந்து நின்றபோது சொம்பு நிறைந்திருந்தது.

ஜன்னலிலிருந்து அத்தை கேட்டாள்: "என்னங்க, சரியாப் போச்சா?"

மாமா துண்டை அவிழ்த்து இறங்கினார். என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஈரமான உள்ளங்கையில் சொம்பின் வாய் சிவப்பாக, வட்டமாகப் பதிந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினார்.

"போச்சு, போச்சு" என்றார் அத்தையிடம். என் தலையில் தட்டி, "கெட்டிக்காரி" என்றார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அத்தையை வண்டியில் உட்காரவைத்தார். இன்ஜினைக் கிளப்பவில்லை. கால்சட்டையை மடித்துக்கொண்டு, சேற்றில் வெறுங்காலோடு வண்டியைத் தள்ளத் தொடங்கினார். ஒவ்வொரு குழியாகப் பார்த்து, சுற்றி, நின்று, மறுபடியும் தள்ளினார்.

எதிர்வீட்டு அண்ணன் விடவில்லை. "என்னா தம்பி, நேத்து பூரா ரிப்பேர் பண்ணிட்டு இன்னிக்குத் தள்ளிட்டுப் போற? மாட்டு வண்டி வாங்கியிருக்கலாம் லா!"

"ஆமாண்ணே, வண்டி படுத்துருச்சு" என்று மாமா சிரித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பொய்! ஒரு சொட்டுத் தண்ணி சிந்தல மாமா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அத்தை திரும்பிச் சிரித்தாள். மாமா திரும்பவில்லை. அவர் கண் பாதையிலேயே இருந்தது.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கிள்ளானிலிருந்து வாங்கிவந்த மிட்டாயைக்கூடத் தொடவில்லை. என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டு ஊர் முன்னால் பொய்யாக்கிவிட்டாரே!

அத்தைக்குப் பெண் பிறந்தது. செந்தூலில் இருக்கிறாள், அவளுக்கும் பேரன் வந்துவிட்டான். மாமா கடைசிவரை சொம்புப் பேச்சை எடுக்கவேயில்லை.

என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் பஸ் தடாரென்று குழியில் இறங்கியது. என் கை தானாகப் போய் வயிற்றை மூடிக்கொண்டது. மடியில் வைத்த அந்தச் சொம்பு எதற்கு என்று அன்றுதான் விளங்கியது. என் உள்ளங்கையைத் திருப்பி மாமா எதைக் கண்டார், மறுநாள் ஏன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார் என்பதும்.

பேத்தி கீழே போய் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்துவிட்டாள். கையெல்லாம் எண்ணெய்.

"கையத் தொடச்சிட்டு வாம்மா. இதப் படிச்சுக் காட்டு. எழுத்து கோணலா இருக்கும், சிரிக்காத. மாமா என் கையைப் பாக்குற எடத்துல மட்டும் கொஞ்சம் நின்னு படி."