நீலத்துக்குள் ஒரு பச்சைத் துளி

ஆய்வு மாணவியாக இருந்தபோது தினமும் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி மதுரைக்கு வருவேன். பகல் முழுக்க ஆய்வகத்தின் இருட்டறையில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருப்பேன். இன்னும் எதுவாகவும் ஆகாத இளம் செல்கள் நரம்பு செல்களாக மாறுவதைக் கவனிப்பதுதான் வேலை. சாயம் ஏற்றிய செல்லின் நடுவே உட்கரு நீலமாக ஒளிரும். அதைச் சுற்றிக் கொழுப்பு பச்சைத் துளிகளாக மின்னும். பார்க்கப் பார்க்க நானே அந்த நீலத்தில் மிதப்பதுபோல இருக்கும்.

ஒருநாள் பச்சைத் துளி ஒன்று நீலத்துக்குள்ளேயே தெரிந்தது. வழக்கமாகக் கொழுப்பு அங்கே இருக்காது. மற்ற செல்களிலும் தேடிப் பார்த்தேன். மாறத் தொடங்கியிருந்த செல்கள் சிலவற்றில் மட்டும் அப்படி. என் பேராசிரியை நம்பவில்லை.

"மேல ஒட்டியிருக்கும்மா. மேலருந்து பாத்தா உள்ள இருக்க மாதிரிதான் தெரியும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். உட்கருவை மேலிருந்து கீழ்வரை மெல்லிய அடுக்குகளாகப் படமெடுக்க முடிவு செய்தேன்.

படமெடுத்த அன்றைக்கு அம்மா கண் பரிசோதனைக்கு மதுரை வந்திருந்தாள். சொட்டு மருந்து விட்டதில் வெயிலில் கண் கூசியது. இருட்டறையில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"எல்லாம் பஞ்சு பஞ்சாத் தெரியுது. அந்தப் பச்சை என்னடி?"

"கொழுப்பும்மா."

"அது அங்க எதுக்குப் போச்சு?"

"தெரியல."

"தெரியாததப் பாக்கத்தான் இம்புட்டுத் தூரம் வாரியா?"

ஆமாம் என்றேன். அவள் சிரித்தபடியே நாற்காலியில் தூங்கிப்போனாள்.

படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். முதல் அடுக்குகளில் நீலம் மட்டும். நடுவில் பச்சை மெல்லப் பூத்தது. இன்னும் கீழே இறங்கியதும் மறுபடி வெறும் நீலம். துளி உள்ளேதான் இருந்தது. அம்மாவை எழுப்ப மனம் வரவில்லை. அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பேராசிரியை படங்களை வெகுநேரம் பார்த்தார். "உள்ளதான் இருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். திரும்பத் திரும்பச் செஞ்சு பாரு" என்றார்.

சாயந்திரம் வீட்டில் அப்பா விசாரித்தபோது அம்மா சொன்னாள்: "அவ என்னமோ கண்டுபுடிச்சிருக்கா. அது எதுக்குன்னுதான் அவளுக்கே தெரியல."

மறுபடி செய்தபோதும் துளிகள் இருந்தன. செல்கள் நரம்புபோலக் கிளை நீட்டி முடித்ததும் துளிகள் காணாமல் போயின. உட்கருவில் இருக்கும் மரபணுக்களை எழுப்பிவிட வந்தவையா, மாற்றத்துக்கான வெறும் சேமிப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆய்வேட்டிலும் அப்படியே எழுதினேன்.