கூடுகளின் மட்டம்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் வரைவாளராக இருந்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஏரி ஒன்றைப் பறவைகளுக்கென்று ஒதுக்கி, பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு கூடம் கட்ட முடிவானது. நாரை தண்ணீரில் நிற்பதுபோல நெட்டைத் தூண்கள், மேலே கூடம். வரைந்தவன் நான். கூடத்தின் தரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் பாக்கி.

ஏரி நிரம்பினால் நிற்கும் மட்டம் பதிவேட்டில் இருந்தது. சரிபார்க்க மட்டக்கருவியோடு போனேன். ஏரிக்குள் நின்ற கருவேல மரங்களில் நாரைக் கூடுகள் நெருக்கமாக இருந்தன. ஏதோ தோன்றி, ஒவ்வொரு மரத்திலும் ஆகக் கீழே இருந்த கூட்டின் உயரத்தை எடுத்தேன். பதினோரு மரங்கள். பதினொன்றிலும் அது நிறைமட்டத்துக்கு மேல் தொண்ணூறு சென்டிமீட்டர். அதற்குக் கீழே நல்ல கிளைகள் காலியாக இருந்தன. மறுநாளும் போய் எடுத்தேன். மாறவில்லை.

மதகு திறக்கும் ஆளிடம் கேட்டேன். "தண்ணி அவ்ளோ ஒசரம் வந்திருக்காப்பா?"

"வந்தா கரை நிக்குமா சார்? எங்கப்பா காலத்துலயும் வந்ததில்லைங்க."

"அப்ப ஏன் கீழ கட்டல?"

"அதுங்க பாஷை தெரிஞ்சா நீங்களே கேட்டுச் சொல்லுங்க." சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கீழ்க் கெளைல காக்கா கூட உக்காராதுங்க."

என் பொறியாளரிடம் சொன்னேன். "நாரை சொன்ன மட்டம்னு எழுதப்போறியா? பதிவேட்டுல இருக்கறதப் போடுய்யா" என்றார்.

அதுவரை ஓர் எண்ணைக்கூட நான் பொய்யாக எழுதியதில்லை. ஆனால் பறவை உட்கார மறுத்த உயரத்தில் மனிதர்களை நிறுத்தக் கை வரவில்லை. 'மதகுக் கல்லில் உள்ள பழைய வெள்ளக் குறிப்படி, நிறைமட்டத்துக்கு மேல் 90 செ.மீ.' என்று வரைபடத்தில் எழுதினேன். அப்படி ஒரு குறியே கிடையாது.

மூன்று வாரம் கழித்து மேலதிகாரி ஜீப்பில் வந்தார். "அந்தக் குறியக் காட்டுங்க."

காட்ட முடியாவிட்டால் என் வேலை போய்விடும். காலை பதினோரு மணி வெயிலில், மதகுக்காரரும் கூட வர, கரைமேல் நடந்தோம். மரங்களில் நூற்றுக்கணக்கான பறவைகள் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது மதகுக் கல்லைப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. அதற்குள் பாசி காய்ந்து கறுத்திருந்தது.

அதிகாரி அளவுகோலை வைக்கச் சொல்லி, தானே கருவியில் பார்த்தார். "தொண்ணூறு. சரியா இருக்கு." அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

நான் பின்தங்கி மதகுக்காரரிடம் கேட்டேன். "நீ வெட்டினியா?"

"நானா? நீங்கதான் ஏதோ செஞ்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

முதல்முறை அளக்க வந்தபோதே அந்தக் கல்லை என் குறிப்பேட்டில் வரைந்திருந்தேன். விரிசலையும் பறவை எச்சத்தையும் கூட விடவில்லை. படத்தில் வெட்டு இல்லை.

ஜீப்பில் ஏறிய அதிகாரி திரும்பினார். "தூணுக்கு நடுவுல, கீழயும் ஒரு பலகை போட்டா என்ன? ஜனங்க தண்ணி கிட்ட உக்காரலாமே."

"வேணாம் சார்" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.